வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைத்து நுரைக்க வைப்பது: வெடிக்காமல் செய்ய முழுமையான வழிகாட்டி

நொதித்து முடிந்த பீரில் நுரை இருக்காது. ஃபெர்மென்டரில் (பீரை நொதிக்கவிடும் கலத்தில்) உருவான கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, கேஸை மட்டும் வெளியே விடும் ஏர்லாக் வழியாக வெளியே போயிருக்கும். பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடிவிட்டால், பீரில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று மறுபடியும் கேஸ் விடும். வெளியேற வழியில்லாததால் அந்தக் கேஸ் பீருக்குள்ளேயே கரையும். இதுதான் பிரைமிங்.

பாட்டில் வெடிக்க இரண்டு காரணங்கள் முக்கியம். சேர்த்த சர்க்கரை அதிகமாக இருக்கலாம், அல்லது நொதிக்காத சர்க்கரை பீரிலேயே மிச்சம் இருக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலாவதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆபத்து அதிகம் இருப்பது இரண்டாவதில். ஆகவே சர்க்கரையைத் தராசில் வைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சச் சட்டம் இடம்தரும் பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஹைட்ரோமீட்டரும் (பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவை) அதற்கான ஜாடியும். 1 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு. லிட்டர் கோடு போட்ட, அடியில் குழாய் வைத்த பாட்டிலிங் வாளி. சைஃபன் குழாய். முனையில் ஸ்பிரிங் வால்வு உள்ள நிரப்புக் குச்சி. 26 மி.மீ. கிரவுன் மூடிகள், அவற்றை அழுத்தும் கருவி. கழுவிய பிறகு அலசத் தேவையில்லாத சானிடைசர்.

19 லிட்டர் பீருக்கு 500 மி.லி. பாட்டில் 38 வேண்டும், 330 மி.லி. என்றால் 57 அல்லது 58. இரண்டு மூன்று கூடுதலாகக் கழுவி வையுங்கள். நடுவில் பாட்டில் தேடப் போனால் திறந்த வாளியில் இருக்கும் பீரில் காற்று படும்.

இவற்றோடு ஒரு காலி சோடா பெட் பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பெட் பாட்டிலைக் கையால் அழுத்தினாலே தெரிந்துவிடும்.

2. எந்தப் பாட்டில் தாங்கும்

கடையில் பீர் வந்த, திருப்பிக் கழற்ற முடியாத கிரவுன் மூடி போட்ட தடித்த பாட்டில்கள் சரி. சாதாரணப் பீர் பாட்டிலுக்கு 3 வால்யூமை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் கேஸ் கரைந்திருக்கிறது என்பதே வால்யூம்). அதற்கு மேல் நுரைக்கும் ஜெர்மன் கோதுமை பீர், பெல்ஜியன் வகைகளுக்கு ஷாம்பெயின் பாட்டில் அல்லது கனமான பெல்ஜியன் பாட்டில்தான். அவற்றில் சிலவற்றுக்கு 29 மி.மீ. மூடி தேவைப்படும். வாங்கும் முன் வாயை அளந்து பாருங்கள்.

திருகு மூடி பாட்டிலின் கண்ணாடி மெல்லியது. மரையின் மேல் கிரவுன் மூடி சரியாகப் பிடிக்காது. சாதா ஒயின் பாட்டில், ஜாம் ஜாடி, அலங்காரக் கடையில் விற்கும் சதுர ஸ்விங்டாப் (கம்பிப் பிடியால் மூடும்) பாட்டில் ஆகியவை அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. சதுரப் பாட்டிலில் அழுத்தம் மூலைகளில் குவியும்; விரிசலும் அங்கேதான் தொடங்கும். ஸ்விங்டாப் பிடித்திருந்தால் பீர் அடைத்து வந்த வட்டப் பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்தது, உடம்பில் ஆழமான கீறல் உள்ளது எல்லாம் நேராக மறுசுழற்சித் தொட்டிக்கு.

முதல் தடவை செய்கிறவர்கள் முழுக்கப் பெட் பாட்டிலிலேயே அடைப்பதில் எந்தக் குறையும் இல்லை. அது கண்ணாடியைவிட அதிகம் தாங்கும். கிழிந்தாலும் கண்ணாடிச் சில்லு பறக்காது. பழுப்பு நிறம் கிடைத்தால் நல்லது. ஒளி பட்டால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சத்து கெட்டு ஒரு முடை நாற்றம் வரும்.

3. நொதித்தல் முடிந்ததா என்று உறுதி செய்வது

இந்த ஒரு படியில் அவசரப்படாதீர்கள். ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலே குமிழி நின்றுவிடும். பீர் குளிர்ந்தாலும் நிற்கும். "இரண்டு வாரம் ஆகிவிட்டது" என்பதும் ஆதாரம் இல்லை. ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் கணக்கு. அது காட்டும் எண்தான் கிராவிட்டி: தண்ணீருக்கு 1.000, சர்க்கரை கூடக் கூட எண்ணும் கூடும்.

மாதிரி எடுத்ததும் இரண்டு டம்ளர்களுக்கிடையே மாற்றி மாற்றி ஆற்றி, கேஸை வெளியேற்றிவிட்டு அளக்கவும். குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டினால் அதைத் தூக்கிவிடும். அளவு கூடுதலாகக் காட்டும். அளந்த மாதிரியை ஃபெர்மென்டரில் திருப்பி ஊற்ற வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) இந்த இடத்தில் ஆல்கஹாலால் ஏமாறும், திருத்தக் கணக்கு போடாமல் அதை நம்பக் கூடாது.

மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அந்த எண் ஈஸ்டின் தன்மைக்கு ஏற்ற இடத்தில் நின்றிருக்கவும் வேண்டும். 1.050 இல் தொடங்கிய பீரை 75 சதவீதம் நொதிக்கும் ஈஸ்டுக்குக் கொடுத்தால் 1.012 அல்லது 1.013 அருகே நிற்க வேண்டும். 1.020 இல் ஒரு வாரமாக அசையாமல் இருந்தால் அது முடிந்த பீர் இல்லை, தூங்கும் பீர். பாட்டிலில் போய் விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: கிராவிட்டி 0.001 இறங்கினால் ஏறத்தாழ அரை வால்யூம் கேஸ் வரும். 1.020 இலிருந்து 1.013 வரை இறங்கினால் மூன்றரை வால்யூம். அதற்கு மேல் நீங்கள் போட்ட பிரைமிங் சர்க்கரை வேறு. எந்தச் சாதாரண பீர் பாட்டிலும் இதைத் தாங்காது.

அப்படி நின்றுபோனால் ஃபெர்மென்டரை 21, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாகச் சுழற்றிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை உண்டு. 200 மி.லி. பீரைத் தனியே எடுத்து, அரை டீஸ்பூன் உலர் ஈஸ்ட் போட்டு, வாயைத் தளர்வாக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நாள் வையுங்கள். அதன் கிராவிட்டி கீழே இறங்கினால் ஃபெர்மென்டரில் உள்ளதும் ஒரு நாள் இறங்கும்.

இரண்டு வகைப் பீரில் கூடுதல் கவனம் வேண்டும். நொதித்தலுக்குப் பிறகு ஹாப்ஸ் போட்ட பீரில், ஹாப்ஸில் இருக்கும் என்சைம்கள் ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளை உடைத்து மறுபடி சர்க்கரையாக்கும். ஆகவே ஹாப்ஸ் போடுவதற்கு முன் எடுத்த அளவு செல்லாது; போட்ட பிறகு புதிதாக இரண்டு அளவு எடுங்கள். சைசன் என்ற பெல்ஜியன் பீர் வகைக்கான ஈஸ்டுகள் பலவும் இதே வேலையைத் தாங்களாகவே, வாரக்கணக்கில், மெதுவாகச் செய்யும். அவை பெரும்பாலும் 1.005க்கும் கீழே போகும். 1.010 இல் நின்றுவிட்டது என்று நம்பி அடைத்துவிடாதீர்கள்.

4. சர்க்கரைக் கணக்கு

மூன்று எண்கள் தேவை: எத்தனை வால்யூம் வேண்டும், பீரில் ஏற்கெனவே எவ்வளவு கேஸ் இருக்கிறது, வாளிக்கு உண்மையில் எத்தனை லிட்டர் வரும்.

பிரிட்டிஷ் பிட்டருக்கு 1.5 முதல் 2 வால்யூம், ஸ்டவுட்டுக்கு 2 அருகே, பேல் ஏல், ஐபிஏ வகைக்கு 2.2 முதல் 2.6, லாகருக்கு 2.4 முதல் 2.6. எதைச் செய்தாலும் முதல் சில தடவை 2.3, 2.4 ஐத் தாண்ட வேண்டாம். நுரை சற்றுக் குறைந்தால் பீர் கெட்டுவிடாது.

நொதித்து முடிந்த பீரில் எஞ்சியிருக்கும் கேஸ் வெப்பநிலையைப் பொறுத்தது: 10 டிகிரியில் சுமார் 1.2 வால்யூம், 15 டிகிரியில் 1.0, 20 டிகிரியில் 0.86, 25 டிகிரியில் 0.74. இங்கே எடுக்க வேண்டியது நொதித்தல் முடிந்த பிறகு பீர் தொட்ட அதிகபட்ச வெப்பநிலை. தெளிவதற்காக ஃப்ரிட்ஜில் 2 டிகிரிக்குக் குளிரவைத்திருந்தாலும், அதற்கு முன் அது 20 டிகிரியில் இருந்திருந்தால் 20 தான். வெளியே போன கேஸ் குளிர்ந்ததால் திரும்பி வராது. இணையத்தில் உள்ள பிரைமிங் கணக்குக் கருவியில் 2 டிகிரி என்று போடுகிறவர்களின் பீர்தான் சப்பென்று ஆகிறது.

ஒரு வால்யூம் ஏற்ற லிட்டருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை. 19 லிட்டர் பீர், 20 டிகிரி, 2.4 வால்யூம் வேண்டும் என்றால்:

2.4 கழித்தல் 0.86 = 1.54
1.54 × 4 = லிட்டருக்கு 6.16 கிராம்
6.16 × 19 = 117 கிராம்

டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் தூள்) பயன்படுத்தினால் பத்து சதவீதம் கூட்டி 129 கிராம். சுவையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அடுப்படியில் இருக்கும் சர்க்கரையே போதும். வெல்லம், கருப்பட்டி, தேன் வேண்டாம். அவற்றில் ஈரம் கட்டிக்குக் கட்டி மாறும், ஆகவே எவ்வளவு கேஸ் வரும் என்று சொல்ல முடியாது. கருப்பட்டி மணம் வேண்டும் என்றால் அதைக் காய்ச்சும்போதே சேர்த்துவிடுங்கள்.

கப்பாலும் ஸ்பூனாலும் அளக்காதீர்கள். பொடிச் சர்க்கரையும் பரல் சர்க்கரையும் ஒரே கப்பில் வெவ்வேறு எடை இருக்கும்.

லிட்டர் அளவிலும் ஒரு சறுக்கல் உண்டு. செய்முறையில் 23 லிட்டர் என்று போட்டிருக்கும். வண்டலையும் ஹாப்ஸ் உறிஞ்சியதையும் கழித்தால் வாளிக்கு 19 தான் வரும். 23 லிட்டருக்கான 142 கிராமை 19 லிட்டரில் போட்டால் 2.4 எதிர்பார்த்த இடத்தில் 2.7 வால்யூம் வரும். இதனால் மட்டும் பாட்டில் வெடிக்காது. நொதித்தலும் மூன்று புள்ளி (கிராவிட்டியில் 0.003) மிச்சம் இருந்தால் இதோடு இன்னும் ஒன்றரை சேர்ந்து 4.2 ஆகும். சின்னச் சின்னப் பிழைகள் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஃபெர்மென்டரின் கோட்டைப் பார்த்து, வண்டலின் உயரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்பின் ஆனால் பாதகமில்லை.

5. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

அழுக்கு இருக்கும் இடத்தில் சானிடைசர் வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் பாட்டில்களை அரைமணி நேரம் ஊறவைத்து, பிரஷ் போட்டு, நன்றாக அலசுங்கள். உள்ளே வட்டமாகப் படலம் தெரிந்தால் அது பழைய ஈஸ்ட். போகவில்லை என்றால் பாட்டிலையே தள்ளிவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

அடைப்பதற்குச் சற்று முன் சானிடைசரை லேபிளில் சொன்ன அளவில் கலந்து, பாட்டில், மூடி, சைஃபன், நிரப்புக் குச்சி, கிண்டும் கரண்டி எல்லாவற்றிலும் படவிடுங்கள். அமில வகைச் சானிடைசரின் நுரை பாட்டிலில் கொஞ்சம் தங்கினால் பரவாயில்லை. பிளீச்சை அமிலச் சானிடைசரோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

பலரும் மறப்பது வாளியின் குழாய். அதைக் கழற்றினால் மரைக்குள் பழைய பீர் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அங்கே வளரும் காட்டு ஈஸ்ட் எல்லாப் பாட்டிலுக்கும் போய், உங்கள் ஈஸ்டால் முடியாத சர்க்கரையையும் தின்னும். ஆகவே சுத்தமும் அழுத்தக் கணக்கின் ஒரு பகுதிதான்.

6. கரைசலைக் கலப்பது

சர்க்கரையை 300 மி.லி. தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். அதை முதலில் காலி வாளியில் ஊற்றவும். பிறகு ஃபெர்மென்டரிலிருந்து சைஃபன் போடவும். குழாயின் முனை வாளியின் அடியில், சுவரை ஒட்டி வளைந்து கிடக்கட்டும். பீர் சுழன்றபடி நிரம்பும்போது சர்க்கரையும் சேர்ந்து கலக்கும். மேலிருந்து சளசளவென்று கொட்டினால் ஆக்சிஜன் ஏறி, ஒரு மாதத்தில் ஈரமான அட்டை வாடை வரும்.

சுழற்சியை மட்டும் நம்பாதீர்கள். சர்க்கரைக் கரைசல் பீரைவிடக் கனமானது, அடியில் தங்கப் பார்க்கும். நிரம்பியதும் கரண்டியை அடிவரை விட்டு, நுரை எழாமல் அரை நிமிடம் மெதுவாகக் கிண்டுங்கள். பாதிப் பாட்டில் முடிந்ததும் இன்னொரு முறை. ஒரே தொகுதியில் சில பாட்டில் சப்பென்றும் சில பொங்கியும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் படியைத்தான்.

ஐந்து லிட்டர் மாதிரிச் சின்னத் தொகுதிக்கு வாளி தேவையில்லை. ஊசியில்லாத சிரிஞ்சு போதும். 40 கிராம் சர்க்கரையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் கரைத்து மொத்தம் 200 மி.லி. ஆக்குங்கள். 10 மி.லி.யில் 2 கிராம் இருக்கும். மேலே சொன்ன 2.4 வால்யூம் கணக்குக்கு 330 மி.லி. பாட்டிலுக்கு 10 மி.லி., 500 மி.லி.க்கு 15 மி.லி. கரைசல் முதலில், பீர் பிறகு. நிரப்பிய பீரில் உலர்ந்த சர்க்கரையைப் போட்டால் பரல்களைச் சுற்றிக் கேஸ் வெளியேறிப் பொங்கி வழியும்.

7. நிரப்பி மூடுவது

நிரப்புக் குச்சியைப் பாட்டிலின் அடிவரை விட்டு, பீர் வாய்வரை வந்ததும் வெளியே எடுங்கள். குச்சி பிடித்திருந்த இடம் காலியாகி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி தானாகவே நிற்கும். முக்கால் பாட்டில் நிரப்பினால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. உள்ளே ஆக்சிஜன் கூடும். உடைந்தால் தேங்கியிருக்கும் கேஸ் அதிகம் என்பதால் வேகமும் கூடும். முழுக்க நிரப்பினால் பீர் சூட்டில் விரிய இடமிருக்காது.

மூடியை அழுத்தியதும் விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். புது மூடி போடுங்கள். கடைசியில் மிஞ்சும் பீரைப் பெட் பாட்டிலில் ஊற்றி, பக்கங்களைப் பிதுக்கிப் பீர் வாய்க்கு வந்த நிலையில் மூடவும். கேஸ் ஏற ஏற அந்தப் பள்ளம் நிமிர்ந்து, பிறகு கல்லாக இறுகும்.

8. எங்கே வைப்பது, எத்தனை நாள்

20 முதல் 22 டிகிரியில் இரண்டு வாரம். எட்டு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீருக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். மாதக்கணக்கில் குளிரில் தெளியவிட்ட லாகரில் ஈஸ்ட் மிதக்காது. அதற்குக் கரைசலோடு ஒன்றிரண்டு கிராம் புது உலர் ஈஸ்ட் சேர்க்கலாம். டொராண்டோ பேஸ்மென்ட்டிலும் லண்டன் கராஜிலும் குளிர்காலத்தில் 12 டிகிரிக்குக் கீழே போகும். அங்கே ஈஸ்ட் சோம்பிவிடும். வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள்.

வெயில் காலத்தில் பிரச்சினை தலைகீழ். 2.5 வால்யூம் உள்ள பாட்டிலில் 20 டிகிரியில் சுமார் 1.9 பார் அழுத்தம் இருக்கும். அதே பாட்டில் 30 டிகிரியில் 2.8, 40 டிகிரியில் 3.7. கார் டிக்கியிலும், கூரைக்கு அடியில் உள்ள அறையிலும், ஜன்னலோரத்திலும் பீர் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஒன்று உடைந்தாலும் சில்லு பெட்டிக்குள்ளேயே நிற்கும். குழந்தைகளின் கைக்கு எட்டாத, ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வேண்டும். பெட் பாட்டிலை மட்டும் வெளியே வைத்து இரண்டு நாளுக்கொரு முறை அழுத்திப் பாருங்கள். மூன்றே நாளில் கல்லாக இறுகினால் எல்லாவற்றையும் உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றும் வேளை அது.

9. திறப்பது

பத்தாம் நாள் ஒரு பாட்டிலை ஒரு முழு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, சிங்க்கின் மேல் திறந்து பாருங்கள். சூடாகத் திறந்தால் கேஸ் பீரில் நிற்காமல் நுரையாகவே ஓடிவிடும். அதை வைத்து அதிகம், குறைவு என்று சொல்ல முடியாது. சரியாக இருந்தால் மற்றவற்றையும் குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே குளிரவையுங்கள். ஒரே வீச்சில் கண்ணாடிக் கோப்பையில் சாய்த்து ஊற்றி, அடியில் உள்ள வண்டலைப் பாட்டிலிலேயே விடுங்கள்.

10. தவறினால்

நுரையே இல்லையா? முதலில் இடத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். பாட்டிலை மெதுவாகத் தலைகீழாக்கி ஈஸ்டை எழுப்பி, 22 டிகிரியில் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். திறந்து கூடுதல் சர்க்கரை போடுவது மோசமான யோசனை. முதலில் போட்டது இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

பொங்கி வழிகிறதா? வழிந்த பீரை ஆற்றிக் கேஸை வெளியேற்றி கிராவிட்டி பாருங்கள். அடைத்த நாளின் அளவே இருந்தால் பிரைமிங் சர்க்கரை கூடிவிட்டது, அல்லது சரியாகக் கலக்கவில்லை. நன்றாக இறங்கியிருந்தால் நொதித்தல் முடியாமல் அடைத்திருக்கிறீர்கள், அல்லது காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது. புளிப்பும், கழுத்தில் வளையம்போல் படலமும் இருந்தால் காட்டு ஈஸ்ட். கிராவிட்டி இறங்காத பீரில் அழுத்தம் ஏற வேண்டியது ஏறி முடிந்திருக்கும். இறங்கிய பீரில் இன்னும் ஏறும், ஆகவே காத்திருக்கக் கூடாது.

கண்ணாடிப் பாட்டில்களைக் காப்பாற்ற வேண்டுமானால் கண்ணையும் முகத்தையும் முழுக்க மறைக்கும் கவசம், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முதலில் பூஜ்ஜியத்துக்கு அருகே குளிரவையுங்கள். குளிர்ந்தால் கேஸ் பீருக்குள் கரைந்து அழுத்தம் இறங்கும். ஒரு நாள் கழித்து, பாட்டிலைத் தடித்த துண்டால் சுற்றி, மூடியின் விளிம்பைச் சற்றே நெம்பி "உஸ்" என்ற சத்தம் அடங்கும்வரை பிடித்து, புது மூடி போடுங்கள். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு முறை. நொதித்தல் மிச்சம் உள்ள பீரென்றால் அதற்குப் பிறகும் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுக்காமல் சீக்கிரம் குடித்து முடிக்க வேண்டும்.

ஒரு பாட்டில் ஏற்கெனவே வெடித்திருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். பக்கத்துப் பாட்டில்களிலும் அதே அழுத்தம்தான் இருக்கும். ஒன்றைத் தொட்டாலே உடையலாம். கனமான போர்வையை மேலே போட்டு, அறையைக் குளிர்வித்து, ஒரு நாளாவது விடுங்கள். பிறகு கவசங்களோடு பெட்டியை முழுசாகத் தூக்கிக் குளிரான இடத்தில் வையுங்கள். அந்தத் தொகுதியில் எந்தப் பாட்டிலையும் மிச்சம் பிடிக்கப் பார்க்காமல், நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டிவிடுங்கள். காலிப் பாட்டில்களையும் மறுமுறைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த அழுத்தத்தைத் தாங்கிய கண்ணாடியில் விரிசல் விழுந்திருக்கலாம்.